காப்புக் கட்டுவதற்குள் வந்து சேர்

கிளியனூர் வழி,
4-3-1985

அன்புள்ள மகன் தேவநாதனுக்கு உன் அம்மா வீரம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. நீயும் அந்தக் காட்டில் காய்ச்சல் கீய்ச்சல் வராமல் இருக்க நம் திரௌபதை அம்மன் துணை இருக்கட்டும். உடம்பைப் பற்றி எழுத இவ்வளவுதான். மனசைப் பற்றி எழுத இந்தத் தாள் போதாது, இருந்தாலும் எழுதுகிறேன்.

தை பிறந்ததும் நீ எழுதிய கடிதமும் போட்டோவும் போன வாரம்தான் வந்தது. உப்பும் சீமெண்ணெயும் ஆகாய விமானத்தில் வர வேண்டும், தபாலும் ஆகாயத்தில் போக வேண்டும், அதுவும் மழை விட்டால்தான் என்றால் அது என்ன ஊரோ. பள்ளிக்கூடத்தைப் பெரிசு பண்ணப்போகிறார்கள், ஹெட்மாஸ்டர் வேலை கிடைக்கும், ஆரஞ்சு வைக்க நிலம் கொடுப்பார்கள், ரோடு வரப்போகிறது என்று எழுதியிருக்கிறாய். ரோடு வரும் என்று போன வருஷமும் எழுதினாய். அந்தக் காலத்தில் நம் பக்கத்து ஆட்கள் கப்பலேறி பர்மாவுக்குப் பிழைக்கப் போனார்கள், நீ ரயிலேறி, மிச்ச தூரம் காட்டில் அட்டைக்கடியோடு நடந்து, பர்மாவுக்குக் கொல்லைப்புறத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாய். இதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிவிட்டுக் கடைசி நாலு வரியில் அந்தப் பெண் விஷயத்தைச் சொருகியிருக்கிறாய். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று அங்கே குடி வைக்கப்பட்ட நேபாளத்துக்காரர் மகள், பெயர் மன்மாயா, அம்மா சரி என்றால் கூட்டிக்கொண்டு வருகிறேன், வேண்டாம் என்றால் இனி அந்தப் பக்கம் வர எனக்கு முகம் இல்லை என்று. படித்ததும் எனக்குத் தலை சுற்றிவிட்டது. ஏன் என்று உனக்குத் தெரியாது, இதுவரை உன் அப்பா எழுதவிடவில்லை. இப்போது அவர் கழனிக்குப் போயிருக்கிறார்.

உனக்குப் பேசி வைத்த கூட்டேரிப்பட்டு சம்பந்தம் முறிந்தது பெண் வீட்டார் மனசு மாறியதால் இல்லை. வெற்றிலை பாக்கு மாற்றிய பிறகு உன் சித்தப்பன் கிருஷ்ணசாமி திண்டிவனம் பஸ் பிடித்து அங்கே போய், பெண்ணின் அப்பனிடம், "பையன் நல்ல பையன்தாங்க, ஆனா காட்டுல ஒருத்திய வெச்சிக்கினு கீறான், எங்க அண்ணிக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவன் இதைச் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள். அதோடு விட்டானா, தை மாசம் அதே பெண் அம்சவள்ளியைத் தன் மகன் சக்கரபாணிக்குக் கட்டிவைத்தான். மூத்த பங்காளி இல்லாமல் பந்தக்கால் நட்டான், நான் போகவில்லை, உன் அப்பாவையும் போகவிடவில்லை. அன்றிலிருந்து அவன் வீட்டுக் கோழி நம் கொல்லைக்குள் வந்தால் கல்லால் அடிக்கிறேன். மல்லாட்டைக் கடலை காயவைக்கும் களத்தில் அவன் ஆட்கள் நடக்காதபடி முள் வெட்டிப் போட்டேன். உன் அப்பா, "தம்பியாச்சேடி, எதுக்கு இப்படி பேஜாரு பண்ற" என்கிறார். அவருக்குத் தம்பி, எனக்கு யார்? என் வயிறு எரிகிறது தேவநாதா, அது அவன் வீட்டில் புகையும் வரைக்கும் அணையாது.

இவ்வளவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்தக் கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஊர் கூடியிருக்கும்போது அம்மன் வாசலில் சூடம் கொளுத்தி, என் மகன் எந்தப் பெண்ணோடும் பழக்கம் இல்லாதவன், அவன்மேல் பழி சொன்னவன் குடும்பம் விளங்காமல் போகட்டும் என்று உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டேன். கிருஷ்ணசாமிக்கு முகம் செத்துப்போயிற்று. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். இப்போது உன் கடிதம் வந்து, இரண்டு வருஷமாக அந்தப் பெண்ணைத் தெரியும் என்கிறாய். இதை நீ கார்த்திகையிலேயே எழுதியிருந்தால் என் கை சூடத்தின்மேல் போயிருக்குமா? கூட்டேரிப்பட்டுப் பெண்ணைப் பற்றிக் கேட்டபோது வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதாமல் "பார்க்கலாம்" என்று எழுதினாயே, வாத்தியாருக்கு எழுதவா தெரியாது? அவன் புளுகியதை நீ நிஜமாக்கிவிட்டாய், நான் அம்மன் எதிரே பொய் சொன்னவள் ஆகிவிட்டேன். விஷயம் தெரிந்தால் அவன் ஊரெல்லாம் மிட்டாய் கொடுப்பான்.

மூன்று நாள் உன்மேல் இருந்த கோபத்தில் சோறு இறங்கவில்லை. வேண்டாம் என்று எழுதிக் கவரையும் ஒட்டிவிட்டேன். ஒட்டிய பிறகு போட்டோவை இன்னொரு தரம் பார்த்தேன். நீ முழங்கால் வரைக்கும் சேற்றோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய். அவள் போட்டோ எடுக்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் குனிந்து உன் காலில் ஒட்டிய அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டிருக்கிறாள். முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. கவரைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். அம்மனுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், இந்த வருஷம் தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாயிற்று, உன் அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

ஆனால் சும்மா சரி சொல்கிறேன் என்று நினைக்காதே, கிருஷ்ணசாமிக்கும் கணக்குத் தீர்க்க வேண்டும். இந்தக் கவரில் மஞ்சள் கிழங்கும் கயிறும் வைத்திருக்கிறேன், அங்கேயே பெரியவர்களை வைத்து அவள் கழுத்தில் கட்டு, வைத்துக்கொண்டிருக்கிறான் என்று சொன்னவன் எதிரே தாலி கட்டின பெண்டாட்டியாக வந்து இறங்கட்டும், பொன் தாலி இங்கே பார்த்துக்கொள்ளலாம். வைகாசி முதல் வெள்ளிக்கிழமை கோயிலில் காப்புக் கட்டுகிறார்கள், அதற்குள் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. ஊர்ப்பொங்கலில் நம் வகையறாவுக்கு மூத்த வீட்டு மருமகள்தான் முதல் பானை வைக்க வேண்டும், இத்தனை வருஷம் நான் வைத்தேன், இனி மன்மாயா வைப்பாள். அவள் பானை பொங்கின பிறகுதான் கிருஷ்ணசாமி வீட்டில் அடுப்பு மூட்ட முடியும். வேறு ஜாதி, வேறு பாஷை என்று எவனாவது வாயைத் திறந்தால் திறக்கட்டும், எனக்கும் வாய் இருக்கிறது. காப்புக் கட்டிவிட்டால் தீமிதி முடியும் வரை ஊரில் ஒருத்தரும் எல்லை தாண்டக்கூடாது, பதினெட்டு நாளும் அவன் எங்கேயும் ஓட முடியாது. தினமும் என் மருமகள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பதையும், அவள் பேச்சுக்கு நான் தலையாட்டுவதையும் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும். எந்தப் பெண்ணைச் சொல்லி என் மகனைக் கெடுத்தானோ அந்தப் பெண் கையாலேயே அவனுக்குப் பொங்கல் கொடுக்கச் சொல்வேன், வாங்காமல் இருக்க முடியாது, அம்மன் பிரசாதம்.

அவளுக்குக் குளிர்ந்த ஊர்ப் பழக்கம், வைகாசி வெயில் தாங்காது, குடை வாங்கிக்கொண்டு வா. மதராஸில் இருந்து பகல் பஸ்ஸில் வாருங்கள். கிளம்பும்போது தந்தி கொடு, மறந்துவிடாதே. அவளிடம் மாமியார் கோபக்காரி, ஆனால் கோபம் அவள்மேல் இல்லை என்று அவள் பாஷையில் சொல்லு.

இரண்டு பேரும் பதினாறும் பெற்றுத் தீர்க்காயுசாக இருங்கள். திருவிழா முடிந்ததும் உன் காட்டுக்கே போ, ஹெட்மாஸ்டராகு, ஆரஞ்சு வை, நான் தடுக்கமாட்டேன், இங்கேயே இரு என்று இனிமேல் எழுதவும்மாட்டேன். ஆனால் காப்புக் கட்டிவிட்டால் எல்லை தாண்ட முடியாது என்பது அந்தக் கிருஷ்ணசாமிக்கு மட்டும் இல்லை, உனக்கும்தான். பதினெட்டு நாள் நீ என் கண் முன்னால் இருப்பாய்.

இப்படிக்கு
உன் வரவை எண்ணி இருக்கும் அம்மா,
வி. வீரம்மாள்