சகோதரி சொல்ல வருவது

ராஜகீழ்ப்பாக்கம்
4-8-2025

அன்புத் தங்கை ருக்ஸானாவுக்கு,

"நான் என்ன ஊமையா சார்?" என்று நேற்று வகுப்பு முடிந்து படிக்கட்டில் இறங்கும்போது கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் போய்விட்டீர்கள். வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிவிட்டீர்கள், போனையும் எடுப்பதில்லை. ஆகவே இந்தக் கடிதத்தை நம் குழுவின் ஜாஸ்மினிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் தெருதானே அவள்.

நடந்தது என்ன? பேச்சுப் பயிற்சி வகுப்பின் குழுப்பணியை மேடையில் விளக்க வேண்டிய நாள். பாதியில் நீங்கள் நின்றுவிட்டீர்கள். சபை முழுக்கப் பார்க்கிறது. நான் கைகொடுத்தேன். ஓர் உதாரணம் சொல்கிறேன். சைக்கிள் பழகும் பிள்ளை சாயும்போது அப்பா சீட்டைப் பிடிப்பார். அதற்காக அவரிடம் சண்டைக்கா போகும்? நான் பள்ளியில் வாத்தியாராக இருந்தபோது செய்யுள் ஒப்பிக்கும் பிள்ளை திணறினால் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பேன். ஒருவரும் கோபித்ததில்லை.

மனம் ஆறியதும் குழுவுக்குத் திரும்பி வாருங்கள்.

அன்புடன்,
ஜெபசீலன்

படப்பை
6-8-2025

ஜெபசீலன் சார்,

நான் உங்கள் தங்கை இல்லை. சைக்கிள் பழகும் பிள்ளையும் இல்லை.

நீங்கள் ரிட்டயர் ஆகிப் பொழுது போகாமல் வகுப்பில் சேர்ந்தீர்கள். எனக்கு அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலைக்குப் பெயர் கொடுக்க முடியும். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு அதற்காகத்தான் வந்தேன்.

கம்பெனி பஸ்ஸை நம்பி இருக்கும் பெண்களைப் பற்றியது நம் குழுப்பணி. நான் மேடையில் என்ன சொன்னேன்? "அன்னைக்கு பஸ் நிக்கல. சரசு திரும்பி வீட்டுக்குப் போனா. மறுநாள் அவளுக்கு வேலை இல்ல." அதோடு நிறுத்தினேன். திணறவில்லை. முக்கியமான வரியைச் சொன்னதும் பேசாமல் நில், அது போய்ச் சேரட்டும் என்று கதிரேசன் சார் பாடம் நடத்தினாரே, முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தது நீங்கள்தானே?

நீங்கள் என் கையிலிருந்து மைக்கை வாங்கினீர்கள். "சகோதரி சொல்ல வருவது என்னவென்றால், போக்குவரத்து வசதி மேம்பட வேண்டும்." எல்லோரும் கை தட்டினார்கள்.

என் மதிப்பீட்டில் 'மேடைத் தயக்கம், தேர்ச்சி இல்லை' என்று இருக்கிறது. உங்களுடையதில் 'சமயோசிதம்'. நல்லா இருங்க.

ருக்ஸானா

ராஜகீழ்ப்பாக்கம்
11-8-2025

திருமதி ருக்ஸானா அவர்களுக்கு,

நன்றியை நான் எதிர்பார்க்கவில்லை. ஏச்சையும் எதிர்பார்க்கவில்லை. மைக்கை நான் பிடுங்கவில்லை, நீங்கள்தான் கொடுத்தீர்கள். மேடையில் மௌனம் நீண்டால் சபை சிரிக்கும். உப்பு அளவோடு இருந்தால்தான் குழம்பு, இல்லையென்றால் கடல்நீர். இது தெரியாமல் அனுபவஸ்தனைக் கேலி செய்யக் கூடாது.

இருந்தும் என் கடமையைச் செய்திருக்கிறேன். கதிரேசனிடம் பேசி மறுவாய்ப்பு வாங்கிவிட்டேன். வரும் பதினேழாம் தேதி நம் குழு மறுபடி மேடை ஏறுகிறது. இம்முறை தடுமாறாமல் இருக்க, நீங்கள் பேச வேண்டிய முழு உரையையும் எழுதி இணைத்துள்ளேன். நிறுத்த வேண்டிய இடங்களில் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன். மனப்பாடம் செய்தால் போதும்.

ஜெபசீலன்

படப்பை
13-8-2025

சார்,

எனக்கு மறுவாய்ப்பு வேண்டுமா என்று என்னிடம் யார் கேட்டார்கள்?

உங்கள் உரையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஜாஸ்மின் அதைப் படித்துவிட்டு, "இதுல நீ எங்க இருக்கக்கா?" என்றாள். சரசுகூட இல்லை. 'பாதிக்கப்பட்ட ஒரு பெண்மணி' என்று இருக்கிறது. சரசுவுக்குப் பேர் இருக்கு சார். பக்கத்து மெஷின்ல என்கூட உட்கார்ந்து தைத்தவள். "நானும் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தபால்காரி ஆயிட்டேன், சம்பளம் யார் தருவாங்க?" என்று ஜாஸ்மின் கேட்கிறாள். அதையும் நீங்களே பேசி வாங்கிக் கொடுங்கள்.

வேலை வேண்டும், அதனால் வருகிறேன். குழுவில் ஒருவர் குறைந்தாலும் மேடை இல்லை என்கிறார் கதிரேசன் சார். அதனால் நீங்களும் வந்தாக வேண்டும். பக்கத்தில் நில்லுங்கள். வாயைத் திறந்தால் மைக்கை உங்கள் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விடுவேன். சான்றிதழ் போனாலும் போகட்டும்.

ருக்ஸானா

ராஜகீழ்ப்பாக்கம்
15-8-2025

ருக்ஸானாவுக்கு,

வருகிறேன். ஓர் உதாரணம் தோன்றுகிறது. எழுதவில்லை.

ஜெபசீலன்

படப்பை
19-8-2025

ஜெபசீலன் சாருக்கு,

"மறுநாள் அவளுக்கு வேலை இல்ல" என்று சொல்லி நிறுத்தினேன். எனக்கே பயமாகத்தான் இருந்தது. நீங்கள் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். மாட்டிக்கொண்டு, மறுபடி கழற்றித் துடைத்தீர்கள். மைக்கை உங்கள் கையில் வைக்கத் தயாராகத்தான் இருந்தேன். நீங்கள் பேசவில்லை.

யாரும் சிரிக்கவும் இல்லை. கம்பெனி பஸ் ஓட்டும் தசரதன் அண்ணன் பின்வரிசையிலிருந்து எழுந்தார். வகுப்பில் இதுவரை அவர் குரலை நாம் கேட்டதே இல்லை. "நாங்க டைம் பாத்துகினு போய்க்கினே இருப்போம்மா. அந்தப் பொண்ணு இப்ப இன்னா பண்ணுது?" என்று கேட்டார். போன முறை அத்தனை கைதட்டலிலும் சரசுவைப் பற்றி ஒருவர் கேட்கவில்லை.

எனக்குத் தேர்ச்சி. உங்களுக்கு இம்முறை 'பங்களிப்பு இல்லை' என்று போட்டிருக்கிறார் கதிரேசன் சார். அது சரியில்லை என்று அவரிடம் சொல்லப் போனேன், பாதியில் திரும்பிவிட்டேன். உங்களைக் கேட்காமல் உங்களுக்காக நான் பேசக் கூடாதல்லவா?

இதனால் நமக்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். போன முறை உங்களுக்குக் கிடைத்த அந்தக் கைதட்டல் இன்னும் என் காதில்தான் இருக்கிறது. வகுப்பு முடிந்துவிட்டது, இனி நாம் பார்த்துக்கொள்ளவும் தேவையில்லை.

எனக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதப்போவதாக ஜாஸ்மினிடம் சொன்னீர்களாம். நல்ல உதாரணங்களோடுதான் இருக்கும், தெரியும். ஆனால் மேடையில் ஒரு முறை செய்ததை வீட்டிலும் ஒரு முறை செய்யுங்கள். இதைப் படித்து முடித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு, பதில் எழுதாமல் இருந்து பாருங்கள்.

ருக்ஸானா