பதினாலாவது பாட்டுக்குப் பிறகு

போன ஞாயிற்றுக்கிழமை காலை சவரம் செய்துகொண்டிருந்தேன். டேப் ரிக்கார்டரில் அந்த ஆங்கில இசைக்குழுவின் பாட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. பதினாலாவது பாட்டு ஒரு பெரிய டிரம் அடியோடு முடியும். முடிந்ததும் பொத்தானை அழுத்தி நிறுத்திவிடுவது ஒன்பது வருடப் பழக்கம். அன்று கை நிறைய நுரை. நிறுத்த முடியவில்லை. கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல் ஓடியது. பிறகு, 'அப்புறம் மாப்ள' என்று நீ பேசினாய்.

நுரைக் கையோடே போய் நிறுத்தினேன். பொத்தானில் ஒட்டிய சோப்பை என் மனைவிதான் பிறகு துடைத்தாள். நீ செத்துப்போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. அதிர்ச்சிகூட இல்லை. மிச்சக் கன்னத்தையும் மழித்துவிட்டுக் குளித்தேன்.

நம் இருவருக்கும் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடமும் பேசியதில்லை. இனிமேல் பேசுவதற்கு வேறு வழி இல்லாததால் எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் ஆங்கிலத்துறைக்குப் புதிதாக வந்தவன். நீ பௌதிகத் துறையில் லேப் அசிஸ்டென்ட். கல்லூரி விழா எதுவானாலும் மைக் செட் உன் பொறுப்பு. தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்த்த உன் மச்சான், கப்பல்காரர்களிடம் வாங்கி அனுப்பும் ஆங்கில ரெக்கார்டுகளைக் கோரிப்பாளையத்தில் உங்கள் வீட்டு மாடியில் வைத்திருந்தாய். செக்கானூரணிக்கு மேற்கே, கிணற்றடிப் பம்புசெட் சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த மாடியில்தான் கிதார் என்ற வாத்தியத்தின் சத்தத்தை ஒழுங்காகக் கேட்டேன். அதை இப்போதும் மறுக்கவில்லை.

உனக்கு ஒரு கொள்கை இருந்தது. ஒரு குழுவின் புகழ்பெற்ற பாட்டுகளை மட்டும் திரட்டி கம்பெனிக்காரன் வெளியிடுகிற தொகுப்பைத் தொடவே கூடாது என்பாய். அதற்கு 'பொறுக்கு ரெக்கார்டு' என்று பெயர் வைத்திருந்தாய்.

"கல்யாண ஆல்பத்தப் பாத்துட்டு அந்தக் குடும்பத்தத் தெரியும்னு சொல்ற மாதிரிடா அது. அதுல எல்லாரும் சிரிச்சுக்கிட்டுத்தான் நிப்பாய்ங்க."

"வீட்டுக்கு வந்தவனுக்கு மொதல்ல ஆல்பத்தத்தானடா காட்டுவோம்? குடும்பச் சண்டையவா காட்டுவோம்?" என்றேன் நான்.

"சண்டையப் பாத்துட்டும் எந்திரிச்சுப் போகாம இருக்கான்ல, அவன்தான், மாப்ள, விருந்தாளி. மத்தவன் காப்பி குடிக்க வந்தவன்."

இப்படி எத்தனையோ சாயங்காலம் பேசியிருக்கிறோம். நான் விடவில்லை. புதிதாக வருகிறவனுக்கு நல்லதை முதலில் கொடுப்பதில் தவறில்லை, பிடித்தால் அவனே மற்றதைத் தேடிப் போவான் என்பது என் கட்சி. நீ கேட்டுக்கொண்டே ஊசியைத் துடைப்பாய்.

ஒருநாள் பழுப்புக் காகித உறையில் ஒரு ரெக்கார்டைக் கொடுத்தாய். மேலட்டை இல்லை. நடுவில் ஒட்டியிருந்த வட்டத்தில் ஐந்து பேர் கொண்ட அந்தக் குழுவின் பெயரும், கீழே 'முதல் தொகுதி' என்றும் ஆங்கிலத்தில் இருந்தன. "கேட்டுப் பாரு" என்றாய். அம்புட்டுத்தான் சொன்னாய்.

இரண்டு மாதம் அதை மட்டுமே கேட்டேன். கடன் வாங்கிய பிளேயரில், பாட்டுக்குப் பாட்டு வரிகளை எழுதி எடுத்தேன். முதல் பாட்டில் வீட்டை விட்டு ஓடுகிற ஒருவன், ஏழாவதில் காதலிக்கிறான், பதினாலாவதில் தன் மகனிடம் பேசுகிறான். ஒரு மனிதனின் வாழ்க்கையை வரிசையாகச் சொல்லும் பதினாலு பாட்டுகள் என்று எனக்குத் தோன்றியது. குழுவின் முதல் ரெக்கார்டிலேயே இப்படி ஒரு முதிர்ச்சியா என்று வியந்தேன். பொறுக்கு ரெக்கார்டை வெறுக்கிற நீ கொடுத்தது என்பதால் அது அப்படி ஒன்றாக இருக்கும் என்ற சந்தேகம் எனக்கு வரவே இல்லை.

கல்லூரி நுண்கலை மன்றத்தில் அதைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டேன். முதல்வர் முன்வரிசையில் இருந்தார். அரங்கு நிறைய மாணவர்கள். நீ பின்னால் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில், உனக்கென்று ஒரு மைக்கோடு உட்கார்ந்திருந்தாய். முக்கால் மணி நேரம் பேசினேன். என் வாழ்க்கையில் அப்படிப் பேசியது அந்த ஒருமுறைதான். வரிசையின் அழகை விளக்கி முடிக்கும்போது எல்லா ஸ்பீக்கரிலும் உன் குரல் வந்தது. பக்கத்தில் இருந்த மாணவனிடம் சொல்கிற குரல்.

"டேய், அது பொறுக்கு ரெக்கார்டுடா. எட்டு வருசப் பாட்டக் கலந்து கம்பெனிக்காரன் அடுக்குனது. இதுல போயி சாரு கதை கண்டுபிடிச்சிட்டாரு பாரு."

பிறகு உன் சிரிப்பு. ஸ்பீக்கர் வழியாகவே. அதற்கப்புறம் அரங்கத்தின் சிரிப்பு. முதல்வரும் சிரித்தார்.

நான் இறங்கிப் போனேன். சைக்கிள் நிறுத்துமிடம் வரை நீ பின்னால் ஓடி வந்தாய். "மாப்ள, நில்லுடா. சொல்றதக் கேளு" என்றாய். நான் நிற்கவில்லை.

அடுத்த வாரமே மேலூர்ப் பையன்கள் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பதினாலு பாட்டு. 'பதினாலு பாட்டு வராருடா' என்றால் வகுப்பு அடங்கும். அந்தப் பையன்கள் படித்து முடித்துப் போனார்கள், பெயர் போகவில்லை. காரணம் தெரியாத பையன்களும் அப்படியே கூப்பிட்டார்கள். ஒருமுறை அழகர்கோவில் பஸ்ஸில், குடும்பத்தோடு வந்த பழைய மாணவன் ஒருவன், "இவருதான் எங்க பதினாலு பாட்டு சார்" என்று தன் மனைவியிடம் மரியாதையாகவே அறிமுகப்படுத்தினான். "அப்படின்னா என்னங்க?" என்று என் மனைவி கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சிரித்ததுகூட இல்லை என் மனத்தாங்கல். மதிக்கிற எவனுக்கும் நீ கொடுக்காத ஒன்றை எனக்குக் கொடுத்தாய். இவனுக்கு இது போதும் என்று நினைத்தாயா? அல்லது வாதத்தில் நான் கேட்டதையே கொடுத்துப் பார்த்தாயா? கல்யாண ஆல்பத்தைக் காட்டுவது தப்பில்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். இது ஆல்பம் என்று சொல்லிக் காட்ட வேண்டும். நீ சொல்லவில்லை. அந்த வீம்பில் அந்தக் குழுவின் பதினைந்தாவது பாட்டை நான் இன்றுவரை கேட்டதில்லை.

நாலு வருடம் கழித்து நீ வளைகுடாவுக்குப் போனாய். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவு. கோரிப்பாளையம் முக்கில் உன்னைத் தூரத்தில் கண்டால் நான் தர்கா பக்கமாக நடையை மாற்றிக்கொள்வேன். நீ ஒருமுறை கையைத் தூக்கினாய். பிறகு தூக்குவதை விட்டுவிட்டாய்.

மூன்றாவது வருடம், லீவில் வந்த மேலூர்க்காரர் ஒருவர் ஒரு கேசட்டும் ஒரு சோப்பும் கொண்டுவந்து கொடுத்தார். வளைகுடா போன ஆட்கள் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புவது அப்போது வழக்கமாகியிருந்தது. கேசட்டின் மேல் உன் கையெழுத்தில் என் பெயர். சோப்பை வீட்டில் குளித்துத் தீர்த்தார்கள். கேசட் அலமாரியில் கிடந்தது. நான் டேப் ரிக்கார்டர் வாங்கிய வாரம், உனக்குத் திருப்பித் தராத அந்த ரெக்கார்டையும் உன் கேசட்டையும் எடுத்துக்கொண்டு ரெக்கார்டிங் சென்டருக்குப் போனேன். பாட்டுகள் மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை.

கடைக்காரர் கேசட்டைப் போட்டுப் பார்த்தார். "சார், இதுல யாரோ பேசியிருக்காங்களே. வேண்டப்பட்டவுகளா? வேற கேசட்டு தரவா?"

"வேண்டாம். இதுலயே பதிங்க."

"அழிஞ்சிரும் சார். அப்பறம் எங்கிட்ட வந்து நின்னா ஒண்ணும் செய்ய முடியாது."

"வந்து நிக்க மாட்டேன்."

அறுபது நிமிடக் கேசட். பாட்டுகள் ஐம்பது நிமிடம்.

உன் சாவுச் செய்தியை ஸ்டாஃப் ரூமில் சொன்னார்கள். வேலை செய்த இடத்தில் மாரடைப்பு, அடக்கமும் அங்கேயே. நான் அடுத்த வகுப்புக்குப் போனேன். மூன்று வாரம் முன்பு உன் மகள் ஜமீலா என் வீட்டுக்கு வந்தாள். பதினெட்டு வயது. நீ புறப்பட்டபோது ஆறு வயது இருந்திருக்கும்.

"அத்தா ஒங்களுக்குக் கேசட்டு, கடிதாசி ஏதாச்சும் அனுப்பியிருக்காங்களா மாமா?"

"இல்லம்மா."

போவாள் என்று நினைத்தேன். போகவில்லை.

"எனக்கு அத்தான்னா அஞ்சு லீவு மாமா. வரும்போது செண்டு, சாக்லெட்டு, சிரிப்பு. போகும்போது அழுகை. நடுவுல என்ன மாதிரி மனுசர்னு தெரியாது. வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் நல்லதாவே சொல்றாக. நீங்க அத்தாகூடப் பேச மாட்டீங்கல்ல, அதான் ஒங்ககிட்ட வந்தேன்."

அவளுக்குக் காபி கொடுத்து அனுப்பினோம். காப்பி குடிக்க வந்தவன் என்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை உன் குரல் வந்ததும், மேற்கொண்டு கேட்காமல், கேசட்டை எடுத்துக்கொண்டு மறுநாள் பாலம் தாண்டி உங்கள் வீட்டுக்குப் போனேன். கணவனை இழந்தவர்கள் தனித்திருக்கும் இத்தாவில் உன் மனைவி இருந்தார், வெளி ஆண்களைப் பார்க்கக் கூடாது. முன்னறையில் நானும் ஜமீலாவும். திரைக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. கடைசிப் பாட்டு முடியும் இடத்தில் போட்டேன்.

"அப்புறம் மாப்ள, இங்க பருப்பு வேகவே மாட்டேங்குது. தண்ணி அப்பிடி. ரூம்ல ஒரு மலையாளத்துக்காரரு, சோடா உப்பப் போடுங்கிறாரு. போட்டா வயிறு பலூன் மாதிரி ஆயிருது. எங்கூட இருக்க ஆறு பேருக்கும் இதே கதிதான். இருந்து பாத்தாத்தான் தெரியும் இந்த ரூமோட கச்சேரி."

ஜமீலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

திரைக்குப் பின்னாலிருந்து, "எனக்கு வாரா வாரம் பிரியாணின்னுல்ல எழுதுனாரு இந்த மனுசன்" என்றது குரல்.

நீ தொடர்ந்து பேசினாய். சட்டைப் பொத்தான் தைக்கும்போது விரலில் குத்திக்கொண்டது. ஃபோர்மேன் உன்னைத் திட்டுகிற அரபி வார்த்தை, அதற்கு அர்த்தம் தெரியாமல் ஒரு மாதம் நீ 'நன்றி' சொன்னது. நடுவில் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தாய். "இது என்ன பாட்டு மாமா?" என்றாள் ஜமீலா. எனக்குத் தெரியவில்லை. பிறகு பாத்திரம் ஒன்று விழுந்தது. "ச்சே" என்றாய். நாடாவின் முடிவு நெருங்கும்போது சொன்னாய்:

"இன்னும் கொஞ்சம் டேப்பு இருக்கு மாப்ள. ஒனக்குச் சொல்ல வேண்டியத மொதல்லயே சொல்லிட்டேன். இதெல்லாம் சும்மா. டேப்ப வெத்தா விட வேணாமேன்னு பேசுறேன். சரி, வாரேன்."

பொத்தான் தானாகத் துள்ளியது.

"மொதல்ல என்ன மாமா சொன்னாங்க?"

"தெரியாதும்மா. கேக்கல. அது மேலதான் பாட்டப் பதிஞ்சேன்."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்ல கேட்டிருந்தா ஒரு காலிக் கேசட்டு குடுத்திருப்போமே மாமா" என்றாள்.

அப்போது அவளிடம் சொன்னேன். ரெக்கார்டு, அரங்கு, ஸ்பீக்கர், என் பெயர், எல்லாவற்றையும். பதினாறு வருடத்தில் என் வாயால் முதல் தடவை. நல்லதாக எதையும் சேர்க்கவில்லை. அவளும் கேட்கவில்லை. முடித்ததும், "மைக்கு ஆன்ல இருந்துச்சுன்னு அத்தாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"மாமா, எங்களுக்கு வந்த கேசட்டுல எல்லாம், சொல்ல வேண்டியத மட்டுந்தான் சொல்லிருக்காங்க. உடம்பப் பாத்துக்க, படி, தொழு, அம்மா பேச்சக் கேளு. இப்பிடிச் சும்மா பேசுனதே இல்ல. இத நான் வச்சுக்கிறேனே" என்றாள். கொடுத்துவிட்டு வந்தேன். முந்தாநாள் ஆள் அனுப்பியிருந்தாள். பாட்டுகளையும் கேட்டாளாம், நன்றாக இருக்கிறதாம், அந்தக் குழுவினுடையது வேறு இருக்கிறதா என்று கேட்டிருந்தாள். இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

உன் பேச்சில் சும்மா பேசிய பத்து நிமிடம் அவளுக்குக் கிடைத்தது. எனக்கென்று நீ பேசியது எனக்கு இல்லை. மைக் அணைந்திருக்கிறது என்று நினைத்ததாகச் சொல்லியிருப்பாய். அல்லது வேண்டுமென்றேதான் செய்தேன் என்று. அல்லது அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல், என் அப்பாவின் கண் ஆபரேஷன் எப்படி ஆயிற்று என்று விசாரித்திருப்பாய். எதுவாக இருந்தாலும் ஒன்பது வருடம் அது என் அலமாரியில், என் பாட்டுகளுக்கு அடியில் இல்லாமல் போய்க் கிடந்தது.

உன்மேல் இருந்த கோபம் குறையவில்லை. குறைந்ததாக எழுதினால் பொய். நீ என்ன சொல்லியிருந்தாலும் நான் மன்னித்திருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன். கேட்டுவிட்டு மன்னிக்காமல் இருந்திருக்கலாம்.