பிடித்த வாயு

1983, கார்த்திகை 12. கோவில்பட்டி.

இன்று அனல்மின் நிலையத்தில், கரியமில வாயுவைக் காற்றில் கலக்காமல் பிடிக்கும் எங்கள் சோதனை பலித்தது. புகைபோக்கியிலிருந்து சிறு குழாயில் புகையை இழுத்து ஒரு கரைசலுக்குள் விட்டோம். நான்கு மாதமாகக் கைகொடுக்கவில்லை; இன்று கரியமில வாயுவில் பெரும்பகுதி கரைசலிலேயே தங்கிவிட்டது. பெரிய இன்ஜினீயர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நாளைக்கே வெற்றின்னு அறிக்கை எழுதிரும் வே" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சாந்தியிடம் சொன்னேன். பருத்திக்குக் களையெடுத்துவிட்டு வந்து, காலில் அப்பியிருந்த கரிசல் மண்ணைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பிடிச்சத எங்கன வச்சிருக்கீங்க?"

"கரைசல் மறுபடி வேணும்லா. சூடாக்கி, வாயுவ வெளியேத்திட்டோம்."

"எங்க?"

"ஜன்னல் வழியா."

அவள் சிரிக்கவில்லை. "அப்போ எதுக்குப் பிடிக்குதீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

பிடிக்க முடியுமா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை, வைப்பதற்கு இடம் தேடுவது வேறு யாரோ செய்ய வேண்டியது என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். மனம் கேட்கவில்லை. அறிக்கையின் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "பிடித்த வாயு முழுவதும் காற்றிலேயே விடப்பட்டது."

பெரிய இன்ஜினீயர் அந்த வரியை அடித்துவிடச் சொல்வார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வருமா, தெரியவில்லை.