யார் கையில் கொடுத்தீர்கள்?

மார்ச் 4, 2025, செவ்வாய்

காலையிலிருந்து கடையில் உட்கார நேரமில்லை. மீன்பிடித் தடைக்காலம் வருவதற்குள் இன்னும் ஒரு நடை கடலுக்குப் போய்விட வேண்டும் என்று விசைப்படகுக்காரர்கள் கயிறும் மிதவையுமாக அள்ளிக்கொண்டு போகிறார்கள்.

மத்தியானம் என் வீட்டுக்காரரின் மாத்திரை டப்பாவைத் திறந்தபோதுதான் கவனித்தேன். அடியில் ஒரே ஒரு அட்டை. ஐந்து நாளைக்குத்தான் வரும். இந்த மாதப் பார்சல் போன வாரமே வந்திருக்க வேண்டும். மாதாமாதம் மருந்து அனுப்பும் கம்பெனியின் ஆப்பைப் போனில் திறந்தால் ‘டெலிவரி ஆகிவிட்டது, பெற்றுக்கொண்டவர்: குடும்ப உறுப்பினர்’ என்கிறது.

எந்தக் குடும்ப உறுப்பினர்? இந்த வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். இவுகளும் வாங்கவில்லை, நானும் வாங்கவில்லை.

போன ஆவணியில் என் இடது சிறுநீரகத்தை எடுத்து இவுகளுக்கு வைத்தார்கள். காலையும் ராத்திரியும் இந்த மாத்திரை உள்ளே போனால்தான் இவுக உடம்பு அதைச் சொந்தம் என்று ஏற்றுக்கொள்ளும். விட்டுவிட்டால், வேற்றாள் என்று அடித்து விரட்டிவிடும். டாக்டர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 5, புதன்

கம்பெனிக்கு போன். முதலில் ஒரு பதிவுக் குரல். தமிழுக்கு ஒன்றை அழுத்தினேன். இந்தியில் பாட்டு ஓடியது. கடையில் தார்ப்பாய் அளந்துகொண்டே காதில் போனை இடுக்கிக்கொண்டு நின்றேன். கடைசியில் ஒரு பெண்.

“மேடம், எங்க சிஸ்டத்துல டெலிவர்டுன்னு காட்டுது.”

“யார் கையில குடுத்தீங்கன்னு காட்டுதா?”

“ஃபேமிலி மெம்பர்னு காட்டுது மேடம்.”

“அந்த மெம்பர் நான்தாம்மா. எனக்கு வரல.”

“சிஸ்டத்துல வந்துடுச்சுன்னு இருக்கே மேடம்.”

எனக்கே தெரியாமல் குரல் ஏறிவிட்டது. உங்க சிஸ்டமா மாத்திரை முழுங்குது, எங்க வீட்டு ஆளுல்லா முழுங்கணும் என்று கத்தினேன். கயிறு வாங்க வந்தவர் பயந்துபோய்ப் பேரம் பேசாமலே காசைக் கொடுத்தார். அந்தப் பெண் புகார் எடுத்துக்கொண்டாள். வேறு பார்சல் அனுப்புவார்களாம்.

இவுக சொன்னாக: “ஏ செல்வி, ஏன் கெடந்து சத்தம் போடுத? வரும்.”

வரும் வரும் என்று எத்தனை வேளைக்கு இருப்பது?

மார்ச் 7, வெள்ளி

வந்தது. வேறு கம்பெனி மாத்திரை. அட்டையும் வேறு.

ஆஸ்பத்திரியில் மாற்று அறுவைப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் அனிஷாவுக்கு அட்டையைப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

“அதைத் தொடவே தொடாதீங்க அக்கா. பிராண்டை மாத்தினா ரத்தத்துல மருந்து அளவு ஏறும், இறங்கும். டாக்டர் பார்க்காம மாத்தக் கூடாது. பழைய மாத்திரையை எங்கேயாவது பிடிங்க. ஒரு வேளைகூட விடக் கூடாது.”

மறுபடி கம்பெனி. இந்த முறை ஒரு ஆண். “ரெண்டும் ஒண்ணுதான் மேடம். சேம் மருந்து. எங்ககிட்ட ஸ்டாக் இல்லாததால மாத்தி அனுப்பியிருக்கோம்.” யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்றேன். மறுபடி அந்தப் பாட்டு.

மார்ச் 8, சனி

நாளைக் காலை மாத்திரையோடு அட்டை தீர்கிறது. கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். ராயபுரத்தில் எந்த மருந்துக்கடையிலும் இல்லை. தண்டையார்பேட்டையில் “ஆர்டர் கொடுத்தா வரும்” என்றார்கள். திரும்பி வரும்போது எங்கள் தெருமுனையில் எபினேசரின் சின்ன மருந்துக்கடையில் ஏறினேன். அவர் மருந்துச் சீட்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். வேறெதுவும் கேட்காமல் போனை எடுத்து ஒவ்வொரு மொத்த வியாபாரியாகக் கூப்பிட ஆரம்பித்தார்.

அப்போது பக்கத்தில் ஒரு அம்மா இன்சுலின் கேட்டுக்கொண்டு நின்றார். அஜீசுன்னிசா, பனைமரத்தொட்டிப் பக்கமாம். மகள் ரூஹி கல்லூரியில் படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே இன்சுலின்.

“ஆப்புல வர வேண்டியதும்மா. குடுத்தாச்சின்னு போட்டுக்கினு கீறான். யாருக்குக் குடுத்தான்னு கேட்டா, வூட்டுல கேளுன்றான். வூட்டுல யாரு, நானும் எம் பொண்ணும்தான்!”

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அதே ஆப். அதே ‘குடும்ப உறுப்பினர்’.

பார்க் டவுனில் ஒரு மொத்தக் கடையில் எங்கள் மாத்திரையும் ரூஹியின் இன்சுலினும் கிடைத்தன. எபினேசர் கடைப் பையனை அனுப்பவில்லை, தானே ஸ்கூட்டரில் போய் வாங்கி வந்தார். சாயங்காலம் அட்டை என் கைக்கு வந்தபோது அவர் கடை வாசல் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். அஜீசுன்னிசா என் முதுகைத் தட்டினார். “அழுவாத செல்விம்மா. நாளிக்கு அவனுங்க அழுவட்டும்.”

மார்ச் 11, செவ்வாய்

வராத பார்சலுக்கும் காசு எடுத்திருக்கிறார்கள். தப்பாக வந்த பார்சலுக்கும் எடுத்திருக்கிறார்கள். தப்பானதைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால், மருந்தைத் திருப்பி எடுக்கும் வழக்கம் இல்லையாம். சரி, இந்த மாதாந்திரத் திட்டமே வேண்டாம் என்று ரத்து செய்யப் போனால் ஆப்பில் அதற்கு இடமே இல்லை. சேர்வதற்கு மட்டும் பச்சையாய், பெரிதாய் ஒரு பொத்தான்.

மார்ச் 13, வியாழன்

இன்றைய நாளை மறக்க முடியாது.

தப்பாக வந்த பார்சலின் மேல் ஒட்டியிருந்த அனுப்புநர் விலாசத்தை வைத்துக்கொண்டு நானும் அஜீசுன்னிசாவும் திருவொற்றியூர் போனோம். லாரி ஷெட்டுகளுக்கு நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. உள்ளே கால் வைத்ததும் அடுப்புக்குள் நுழைந்ததுபோல் அனல். சுவர் ஓரம் மருந்துப் பார்சல்கள் மலையாய்க் குவிந்து கிடந்தன.

ஐம்பது வயது தாண்டிய ஒருவர் வண்டியில் பார்சல் கட்டிக்கொண்டிருந்தார். பெயர் டெரிக். முதலில் எங்களை விரட்டத்தான் பார்த்தார்.

“இங்க கஸ்டமர்லாம் வரக் கூடாதுக்கா.”

“கஸ்டமர்கிட்ட நீங்க வரல. அதான் நாங்க வந்தோம்.”

அவர் கட்டிக்கொண்டிருந்த கயிற்றைக் கீழே போட்டார்.

“நா இன்னா பண்றது சொல்லு. அவங்க குடுக்குற கணக்கு ஒரு ஆளால சுத்தி முடிக்கிற கணக்கு இல்ல. சாயங்காலம் ஆனா, மிச்சத்த குடுத்தாச்சின்னு போடு, நாளிக்கு குடுத்துக்கலாம்னு மேல கீறவன் போன் பண்ணுவான். போடலேன்னா சம்பளத்துல புடிப்பான். நாளிக்கு புச்சா ஒரு லோடு வந்துடும். பழசு அப்டியே கெடக்கும். எனக்குந்தாங்க்கா தூக்கம் வர்ல.”

குவியலைப் புரட்டினோம். என் பெயர் போட்ட பெட்டி இருந்தது. ரூஹியின் பெட்டியும் இருந்தது. உள்ளே வைத்த ஐஸ் பொட்டலம் வெந்நீராகி இன்சுலின் புட்டிகள் சுட்டன. அஜீசுன்னிசா ஒரு புட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். “இத்த எம் பொண்ணு போட்டுக்கினு இருந்தா?” அவ்வளவுதான் கேட்டார். டெரிக் தலையைக் குனிந்துகொண்டு, அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

அடுத்த பெட்டியில் காசிமேட்டு விலாசம். அதற்கடுத்தது எண்ணூர். காத்திவாக்கம். கொருக்குப்பேட்டை. எல்லாமே ‘டெலிவரி ஆகிவிட்டது’. நான் ஒவ்வொன்றாகப் படம் எடுத்தேன். டெரிக் தடுக்கவில்லை. வெளிச்சம் போதவில்லை என்று ஷட்டரை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டார்.

மார்ச் 14, வெள்ளி

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் படங்களோடு புகார் கொடுத்தாயிற்று. பெட்டிகளில் இருந்த நம்பர்களுக்கு நானும் அஜீசுன்னிசாவும் பங்கு போட்டுக்கொண்டு பேசினோம். ஒருவருக்குக் கூட மருந்து வந்து சேர்ந்திருக்கவில்லை. எல்லோரும் தங்களுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருக்கிறார்கள். நானும்தானே.

மார்ச் 19, புதன்

மருந்துக் கட்டுப்பாட்டு இன்ஸ்பெக்டர் வந்து கொட்டகைக்குச் சீல் வைத்துவிட்டார்! டெரிக்தான் போனில் சொன்னார். “மாமியார் வூட்டுக்கு வந்த மாதிரி வந்தாருக்கா. உள்ள பூந்தாரு, சூட்டைப் பாத்தாரு, ‘இது மருந்து வெக்கிற எடமா, இட்லிப் பானையா’ன்னாரு.”

மார்ச் 21, வெள்ளி

இவுகளுக்கு ரத்தப் பரிசோதனை. மருந்து அளவு சரியாக இருக்கிறது. சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறதாம். என் சிறுநீரகம் வேறு எப்படி இருக்கும்?

ஏப்ரல் 2, புதன்

கிண்டியில் கம்பெனியின் தலைமை அலுவலகம். போனில் பேசியவர்களில் இருபது பேருக்கு மேல் சேர்ந்து போனோம். மெட்ரோவில் ஒரு பெட்டி பூராவும் நாங்கள்தான். டயாலிசிஸ் செய்துகொள்பவர் ஒருவர், வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பெண் ஒருத்தி, கைக்குழந்தையோடு ஒருத்தி. எபினேசரும் கடையை மூடிவிட்டு வந்தார். யாரும் கூப்பிடாமலே டெரிக் வந்தார். வேலை போய்விடும் அண்ணே என்றேன். “போவட்டும்க்கா. சொல்ல ஒரு ஆளு வோணும்ல.”

கண்ணாடிக் கதவு, வாசனை, சில்லென்ற காற்று. மருந்து வெந்து கிடக்க இவர்களுக்குக் குளுகுளு அறை! கழுத்தில் அட்டை மாட்டிய மேனேஜர் ஒருவர் வந்தார். “எல்லாரும் கம்ப்ளெய்ன்ட் நம்பர் கொடுத்துட்டுப் போங்க. ஏழு வேலை நாள்ல பார்க்குறோம்.”

போகவில்லை. பளிங்குத் தரையில் வரிசையாக உட்கார்ந்துவிட்டோம். குழந்தை அழுதது. ஒருவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார். கருவாட்டு வாசனை அவர்கள் வாசனையை அமுக்கிவிட்டது.

மேனேஜர் என்னிடம் குனிந்து, “மேடம், உங்க கேஸ்ல அனுப்பினதும் அதே மருந்துதான். கம்பெனிதான் வேற,” என்றார்.

“தம்பி, நாங்க கயிறு விக்கிறவங்க. நங்கூரக் கயிறு கேட்டு வந்தவனுக்குக் கொடிக் கயித்தக் குடுத்துட்டு, ரெண்டும் கயிறுதானன்னு நாங்க சொல்ல முடியுமா? அவன் கடலுக்குப் போறவன்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் எழுந்தேன். அத்தனை பேர் முன்னால் சேலையை ஒதுக்கி விலாப்பக்கத் தழும்பைக் காட்டினேன். வெட்கமே வரவில்லை.

“இங்கேருந்து எடுத்து எங்க வீட்டுக்காரருக்கு வச்சிருக்கு. நீங்க மாத்தி அனுப்பினீங்களே, அது இதைக் கொன்னிருக்கும். இன்னொண்ணு குடுக்க எங்கிட்ட இல்ல.”

வரவேற்பில் இருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்து அலுவலகங்களிலிருந்து ஆட்கள் வந்து கண்ணாடி வழியே பார்க்க ஆரம்பித்தார்கள். அஜீசுன்னிசா அந்த வெந்த இன்சுலின் பெட்டியை மேஜை மேல் வைத்து, “இத்த நீ உன் வூட்டு ஆளுக்குப் போடுவியா நைனா?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகுதான் மேலே இருந்து பெரியவர்கள் இறங்கி வந்தார்கள். வந்த ஒவ்வொருவரின் கணக்கையும் அங்கேயே திறந்து பார்த்தார்கள். எடுத்த காசு திரும்ப வந்தது. திட்டங்கள் ரத்து. கடைசியில் டெரிக் எழுந்து, கொட்டகையில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். கேட்டவர்கள் முகம் வெளுத்துவிட்டது. அவர் வேலையில் கை வைக்க மாட்டோம் என்று எழுதி வாங்காமல் நாங்கள் எழவில்லை.

திரும்பும்போது மெட்ரோவில் அந்த வலிப்புப் பெண் பாட ஆரம்பித்தாள். நாங்களும் பாடினோம். செக்யூரிட்டி வந்து பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் 3, வியாழன்

தொண்டை கட்டிவிட்டது. கடையில் சைகையிலேயே வியாபாரம். இவுக ஊரெல்லாம் போன் போட்டுச் சொல்லுதாக: “எம் பொண்டாட்டி கம்பெனிக்காரன உக்கார வச்சுட்டால்லா!”

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. காசு திரும்ப வந்ததோடு விட்டுவிடலாம் என்று இவுக அபிப்பிராயம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வராததை வந்தது என்று இனி யாருக்கும் போடக் கூடாது, டாக்டரைக் கேட்காமல் மருந்தை மாற்றக் கூடாது. இதை அவர்களைச் சொல்ல வைக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுகிறோம். வக்கீல் வேண்டாம், நாங்களே பேசலாமாம்.

ஜூன் 16, திங்கள்

தடைக்காலம் முடிந்து படகுகள் போய்விட்டன. ஒரே சத்தம், ஒரே சந்தோஷம்.

எபினேசர் ஒரு யோசனை சொன்னார். எங்கள் மருந்துகளைத் தனித்தனியாகக் கேட்டால் மொத்தக் கடைக்காரன் மதிக்க மாட்டான். இத்தனை பேரும் சேர்ந்து ஒரே கடையில் வாங்கினால் அவரே எப்போதும் இருப்பு வைத்துக்கொள்வாராம். பெரிய ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கிவிட்டார். டெரிக் கம்பெனியை உதறிவிட்டு அவரிடம் வந்துவிட்டார். இன்சுலின் கொண்டுபோக எங்கள் கடையிலிருந்து புது ஐஸ்பெட்டி கொடுத்தேன். மீன் வாடை வருமா என்று மூன்று தடவை மோந்து பார்த்தார்.

செப்டம்பர் 18, வியாழன்

ஆணையத்தில் விசாரணை. கம்பெனி வக்கீல் கறுப்புக் கோட்டில் வேர்க்க வேர்க்கப் பேசினார். பிறகு ஆணையத் தலைவர் என்னைப் பார்த்தார். எழுந்தேன். கொட்டகைப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிப் பேசினேன்.

அக்டோபர் 15, புதன்

வென்றோம். கேட்டது அத்தனையும்!

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அஜீசுன்னிசா வீட்டிலிருந்து பிரியாணி வந்தது, எங்கள் வீட்டு அதிரசம் அங்கே போனது. ரூஹி ஸ்கூட்டர் ஓட்டி வந்து கொடுத்துவிட்டுப் போனாள். முகத்தில் நல்ல தெளிச்சி.

நவம்பர் 7, வெள்ளி

காலையில் தெரியாத நம்பரிலிருந்து போன். மீஞ்சூரிலிருந்து ஒரு பெண். அவள் அம்மாவின் இதய மாத்திரைப் பார்சல் வரவில்லை, அனுப்புவது வேறொரு கம்பெனியாம். பேசப் பேச அழுகிறாள். “உங்க பேரைச் சொன்னாங்க. என்ன செய்யறதுன்னு தெரியலக்கா.”

“முதல்ல அழுறத நிறுத்தும்மா. கைவசம் எத்தனை நாளைக்கு மாத்திரை இருக்கு?” என்று கேட்டேன். சொன்னாள். நேரம் இருக்கிறது. எபினேசரிடம் பேசி இன்றே அனுப்பச் சொல்லியாயிற்று. நாளைக்கு அவளோடு அந்தக் கம்பெனிக்குப் போகிறேன்.

கடையை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இவுக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தாக.

“நீ போயிட்டு வா செல்வி. நான் இருக்கேன்லா.”