பாலத்து வெள்ளைக் கோடு

அன்பு மகள் ஜெசிதாவுக்கு,

மாதாவின் காவலில் நானும் அப்பாவும் சுகம், நீயும் மருமகனும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க தினமும் மன்றாடுகிறேன். போனில் கதைத்தால் அப்பா பக்கத்தில் வந்து குந்திவிடுவார், அதனால்தான் இதை எழுதி, நோர்வே திரும்பும் ஷெரோனிடம் கொடுத்துவிடுகிறேன். பனங்கிழங்கு காயவைத்து இடித்த ஒடியல்மாவும் வருகிறது, காற்றுப் படாமல் மூடி வை.

அப்பா கோயில் படியில் சறுக்கி விழுந்ததாக உனக்குச் சொன்னது பொய், பிள்ளை. தோளில் காயம் பட்டது வாய்க்கால் பாலத்துக்குக் கீழே. ஒல்லாந்தர் கட்டிய அந்த வளைவு எவ்வளவு தாழ்வு என்று உனக்குத் தெரியும், தூண் கல்லில் இருக்கும் வெள்ளைக் கோட்டைத் தண்ணீர் மூடினால் ஒருவரும் வள்ளத்தை உள்ளே விடுவதில்லை, வற்றும் மட்டும் காத்திருப்பார்கள். வருஷா வருஷம் திருநாளுக்கு முன் அந்தக் கோட்டுக்குப் பெயின்ட் பூசுகிறவரே உன் அப்பாதான். அந்த மனுசன் போன புதன் காலை, கோடு தண்ணீருக்குள் மறைந்து கிடக்க, நேரே உள்ளே விட்டு, வள்ளம் வளைவில் இறுகி, தண்ணீர் ஏற ஏறக் குப்புறப் படுத்துக் கிடந்திருக்கிறார். ஷெரோனின் தகப்பன் சிமியோன்தான் ஆட்களோடு குதித்து, விளிம்பில் தொங்கி வள்ளத்தைத் தாழ்த்தி, வெளியே இழுத்தது. “கோடு பூசின நீரே கோட்டைப் பாக்கேல்லையோ கனிசியண்ணை?” என்று கரையில் அவர்கள் பகிடி பண்ண, இவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் துருவித் துருவிக் கேட்டேன், முதலில் சினந்தார், பிறகு, “இஞ்சரப்பா, எனக்குக் கோடும் தெரியேல்லை, பாலமும் வடிவாத் தெரியேல்லை, ஒரு வருசமாப் பழக்கத்திலைதான் போய்வாறன்” என்றார்.

தோளுக்கு மருந்து கட்டின டொக்டரிடம் கேட்டேன், கண்புரையாம், ஒப்பரேசன் செய்தால் சுகமாம். ஆனால் பிறகு கடலுக்கு விடமாட்டார்கள் என்று ஒரே பிடிவாதம், நான் அழுதும் மசியவில்லை, சிமியோன் ஏசியும் மசியவில்லை. கடைசியில்தான் எனக்கு அது தட்டியது. அப்ப வீடியோவில் பிள்ளையின் முகம் தெரிகிறதா என்று அவரைக் கேட்டேன். “குரல் கேக்குதுதானே” என்றார். நீ தலைமயிரைக் கட்டையாக வெட்டிவிட்டு எப்படி அப்பா என்று கேட்டபோது வடிவாயிருக்கு என்றாரே, நீ வெட்டினதே அவருக்குத் தெரியாது. நான் அதைச் சொன்னதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாள் விடிய, நான் எழும்ப முதலே சேர்ட்டைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டு நின்றார்.

அடுத்த மாதம் பதினாலாம் திகதி ஒப்பரேசன். நான் எழுதினதைக் காட்டிக்கொள்ளாதே, அவரை ஏசவும் வேண்டாம். தேவன் உங்கள் இருவரையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பதினைந்தாம் திகதி கட்டு அவிழ்த்ததும் வீடியோவில் எடு, வெளிச்சம் முகத்தில் படும்படி இரு, ஆனால் நீ முதலில் வாய் திறக்காதே, மகள். அவர் பார்த்துச் சொல்லட்டும்.

என்றும் உன் அம்மா,
றெஜினா