சந்தேகத்தின் பலன்

அன்பிற்குரிய மனைவிக்கு,

நான் நலம். நீயும், நான் இன்னும் கையில் ஏந்தாத நம் மகளும் நலமென நம்புகிறேன். அத்தைக்கு என் வணக்கம்.

பக்கத்து அறை ஓட்டுநரின் பச்சிளங்குழந்தை சென்ற வாரம் பால் குடிக்காமல், உடல் சில்லிட்டுத் துவண்டது. துணைக்கு என்னையும் மருத்துவமனைக்கு அழைத்தார். இரத்தத்தில் கிருமித்தொற்று என்று சந்தேகிப்பதாகவும், உடனே ஆன்டிபயாடிக் ஊசி போடவேண்டும் என்றும் மருத்துவர் கூறினார். பரிசோதனை முடிவு வர இரண்டு நாளாகுமாம். நான் வக்கீல் என்று ஓட்டுநர் அவரிடம் சொல்லியிருந்தார்; என் வக்கீல் புத்தியும் சும்மா இருக்கவில்லை.

"நிரூபணம் ஆகறதுக்கு முன்னாடியே மருந்தா?" என்றேன்.

"சார், உங்க கோர்ட்ல சந்தேகத்தோட பலன் யாருக்கு?"

"கூண்டுல நிக்கிறவருக்கு."

"இங்க குழந்தைக்கு. கொஞ்சம் நகருங்க."

நகர்ந்தேன். பின்னர் முடிவும் கிருமியை உறுதிசெய்தது. தாயின் உடலில் அவளுக்குத் தீங்கின்றி இருந்து, பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றக்கூடிய வகையாம்.

"அப்ப என்னாலதானா?" என்று குழந்தையின் தாய் அழுதாள்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா," என்றார் மருத்துவர். அதைவிட நல்ல தீர்ப்பை நான் கேட்டதில்லை. குழந்தை இன்று பால் குடித்தது.

ஆகவே ஒரு வேண்டுகோள். மகள் பால் குடிக்க மறுத்தாலோ, உடல் சில்லிட்டாலோ, சுட்டாலோ, வேகமாக மூச்சு வாங்கினாலோ, என்னைக் கேட்கக் காத்திராதே. நான் காரணம் கேட்டுக்கொண்டிருப்பேன். நீ நேரே மருத்துவமனைக்குப் போய்விடு.

அலுவலக வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். அவள் அழுவதை ஒருமுறை பதிவுசெய்து அனுப்பு. ஆதாரத்துக்கு அல்ல; கேட்பதற்கு.

உன் கணவன்