ஐந்தாவது ஆளுக்கு இடமில்லை

மார்ச் 5
மருத்துவமனையின் முன்பதிவுத் தளத்தைச் சோதிக்கப் புதுக் கருவி வந்திருக்கிறது. நிரல் எழுத வேண்டாம். சாதாரண ஆங்கிலத்தில் வரிவரியாகச் சொன்னால் போதும். இந்த முகவரிக்குப் போ. பெயரை நிரப்பு. 'பதிவு செய்' பொத்தானை அழுத்து. எனக்கு யாரும் எந்த வேலையையும் இவ்வளவு பொறுமையாகச் சொன்னதில்லை.

இன்று எழுதிய சோதனை: மார்பகச் சிறப்பு மருத்துவர் நாளுக்கு நான்கு புது நோயாளிகளைத்தான் பார்ப்பார். நான்கு பேரைப் பதிவு செய். ஐந்தாவது ஆளுக்கு 'இடமில்லை' என்று வருகிறதா பார். தளத்தில் தினமும் காலை ஆறுக்கு, மறுநாளுக்கான இடங்கள் திறக்கும். திறந்ததும் சோதனை தானாக ஓடும்.

நடுவில் அக்காவின் போன். குளிக்கும்போது மார்பில் கட்டி தட்டுப்பட்டதாம். "பயப்பட ஒண்ணுமில்லைடி, சும்மா காட்டிடலாம்னுதான்." வேலை பார்த்துக்கொண்டிருந்த கணினியிலேயே நிஜத் தளத்தைத் திறந்து பார்த்தேன். மறுநாளைக்கான நான்கு இடமும் நிரம்பியிருந்தது. நாளைக் காலை ஆறுக்குப் பிடிக்கச் சொன்னேன்.

மார்ச் 6
சோதனை தேறினால் திரையில் பச்சை. இன்று முழுக்கப் பச்சை. மேலாளருக்கு வாயெல்லாம் பல்.

அக்காவுக்கு இடம் கிடைக்கவில்லை.

மார்ச் 11
"ஆறு அடிச்சதும் அழுத்தறேன்டி. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடுது." நானும் என் போனில் முயன்றேன். இடமில்லை. யார் அந்த அவசரக்காரர்கள் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். நேரில் போனதற்கு வரவேற்பில், "பதிவு இல்லாம பார்க்க மாட்டாங்கம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு சிறப்பு மருத்துவரும் இங்கே இல்லை.

மார்ச் 15
பச்சை. இடமில்லை.

மார்ச் 19
கட்டி பெரிதானது போலிருக்கிறதாம். "உங்க கம்பெனிதானே அந்தத் தளத்தைப் பார்க்குது? சொல்லி ஒரு இடம் வாங்கேன்." நான்தான் பெரிய நியாயஸ்தி ஆயிற்றே. "முன்னாடி நிக்கிறவங்களும் நோயாளிங்கதானேக்கா" என்றேன். "அதுவும் சரிதான்" என்றாள்.

மார்ச் 28
மருத்துவமனையிலிருந்து மேலாளருக்கு அழைப்பு. மூன்று வாரமாகச் சிறப்பு மருத்துவர் பழைய நோயாளிகளை மட்டுமே பார்த்திருக்கிறார் என்று மாதக் கணக்கில் தெரிந்ததாம். தினமும் பதிவான புது நோயாளிகள் நான்கு பேரில் ஒருவர்கூட வரவில்லை. மேலாளர் பெயர்களை வாசித்தார். நான் இட்டுக்கட்டிய பெயர்கள்.

கட்டளையின் முதல் வரியைத் திறந்தேன். சோதனைக்கென்றே இருக்கும் நகல் தளத்தின் முகவரி அங்கே இல்லை. நிஜத் தளம். அன்று அக்காவுக்காகத் திறந்து வைத்திருந்தேனே — அந்த முகவரியை எடுத்து ஒட்டியிருக்கிறேன். இத்தனை நாளும் அவளுக்கு முன்னால் நின்ற நாலு பேரும் நான்தான்.

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன். என் கையாலேயே.

"வெளிய மூச்சு விடாதே" என்றார் மேலாளர். பொய்ப் பதிவுகளை நீக்கினோம். நாளைக்கே நான்கு இடம் காலியானது. ஒன்றில் அக்காவின் பெயரைப் போட்டேன்.

ஏப்ரல் 4
புற்று. அக்குள்வரை பரவியிருக்கிறது. அக்கா உடை மாற்றப் போனபோது மருத்துவரிடம் கேட்டேன்: மூன்று வாரம் முன்னால் வந்திருந்தால் பரவியிருக்காதா? "சொல்ல முடியாதும்மா." ஆமாம் என்றாவது சொல்லியிருக்கலாம். இல்லை என்றாவது.

ஏப்ரல் 9
சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். அக்கா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "இவ மட்டும் இல்லேன்னா எனக்கு இடமே கிடைச்சிருக்காது" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள்.

சாப்பாடு போட்டார்கள். சாப்பிட்டுவிட்டு வந்தேன்.